டாக்ஸியா, பெட்டியா?

ரெக் டப்பர் சாகப்போகிறார் என்கிற செய்தி, இங்கிலாந்தின் கடலோர ஊரான கிளீதார்ப்ஸ் முழுக்கப் பரவி ஓய்ந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அதுவும் ஒரு மீன் மூலமாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். கடற்கரைச் சாலையில் மேவிஸின் பொரித்த மீன் கடை. வரிசையில் நின்று முறை வந்ததும், வழக்கம்போல ஒரு ஹாடக் மீன், சின்ன சிப்ஸ், கொஞ்சம் பட்டாணி மசியல் என்றார். மேவிஸ் பொட்டலத்தில் இரண்டு மீன் வைத்தாள்.

"ஒண்ணுதான் கேட்டேன், மேவிஸ்."

"இன்னொண்ணு நான் குடுக்கறது. வச்சுக்க கண்ணு. இருக்கற வரைக்கும் நல்லா சாப்பிடு."

"இருக்கற வரைக்குமா?"

மேவிஸ் வினிகர் பாட்டிலைக் கீழே வைத்தாள். "ஐயோ, உன்கிட்ட யாரும் சொல்லலியா? பேப்பர்ல போட்டிருக்கான். நீ செத்துப்போறியாம்."

"கிறிஸ்துமஸுக்குன்னு சொன்னாங்க" என்றார் பின்னால் நாயோடு நின்றவர்.

"கிறிஸ்துமஸுக்குத் தீ விபத்துங்க. இவரு அதுக்கு முன்னாடியே போயிடுவாரு" என்றாள் அவருக்கும் பின்னால் நின்ற பெண். "பாவம், நல்ல மனுஷன்."

நல்ல மனுஷன் அவர்கள் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார். அவர்களுக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. அவர் "அப்படியா, சரி" என்றார். ஒரு மீனுக்கு மட்டும் காசு கொடுத்தார். மேவிஸ் வாங்கிக்கொண்டாள். வெளியே வந்தார்.

அவர் பெயர் ரெக் டப்பர் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அந்த ஊரில் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் பெயர் நெவில் ஸ்பிங்க். 'ஃபெர்ரி லேன்' என்று வாரத்தில் மூன்று இரவு டிவியில் ஓடுகிற தொடரில் பொரித்த மீன் கடைக்காரர் ரெக் டப்பராகப் பதினெட்டு வருஷமாக நடிக்கிறார். அடுப்பில் எண்ணெய் வைத்து ஒரு மீனைக்கூடப் பொரித்ததில்லை. செட்டில் இருக்கும் மீன்களுக்கு வார்னிஷ் அடித்திருப்பார்கள். ஆவி ஒரு ரப்பர் குழாயிலிருந்து வரும். நெவிலின் வேலை, சில்லிட்டுக் கிடக்கும் பொட்டலத்தை எடுத்து நீட்டி, "சூடா இருக்கு, பாத்து" என்று சொல்வது. எழுதியவர் அதை வசனமாகவே நினைக்கவில்லை, வாயை நிரப்ப ஏதோ போட்டுவைத்தார். நாடு அதைப் பிடித்துக்கொண்டது. டீக் கோப்பையில் அச்சடித்தார்கள், சமையலறைத் துண்டில் அச்சடித்தார்கள், ஒரு தீயணைப்பு நிலையம் சுவரிலேயே எழுதிவைத்தது. முப்பது வருஷமாக மீன் பொரிக்கும் மேவிஸ், மாவு ஏன் சிலநாள் மொறுமொறுப்பாக வருவதில்லை என்று அவரிடம்தான் கேட்பாள். "எண்ணெயைப் பொறுத்தது" என்பார். மேவிஸ் தலையாட்டிக்கொண்டு போவாள்.

இரண்டு மீனோடு கடற்கரை பெஞ்சில் உட்கார்ந்தார். கடல் வழக்கம்போல எங்கோ தொலைவில் போயிருந்தது, சேறு மட்டும் இருந்தது. வழியில் வாங்கிய பேப்பரைப் பிரித்துப் பார்த்தார். 'ரெக்குக்கு இது கடைசி மீனா?' என்று போட்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்குறியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்விக்குறி இருந்தால் இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம், அல்லது பேப்பர்காரனுக்கு வக்கீல் பயம் என்று அர்த்தம்.

'ஃபெர்ரி லேன்' தெருவைவிட்டுப் போக இரண்டே வழி. ஒன்று டாக்ஸி. பெட்டியோடு ஏறி, பின்கண்ணாடி வழியாகக் கையை ஆட்டிவிட்டுப் போகலாம். அப்படிப் போனவர்கள் பார்வையாளர் எண்ணிக்கை குறையும்போது திரும்பி வருவார்கள். ஒரு பெண் பல வருஷம் கழித்து வேறு முகத்தோடு திரும்பினாள், தெருவில் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு வழியிலும் பெட்டி உண்டு, அதை நாம் தூக்குவதில்லை, அதில் நாம் இருப்போம். அதில் போனவர் திரும்புவதில்லை. நெவிலுக்கு வயது அறுபத்துநாலு. அவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். டாக்ஸியா, பெட்டியா?

வருத்தமாக இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைச் சட்டைப்பையில் தேடுகிற மாதிரி. பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்தபிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அது நம்முடையதுதான், ஆனால் வேறு யாருடையதோ போல இருக்குமே, அப்படி இருந்தது. இரண்டாவது மீனையும் சாப்பிட்டு முடித்தார்.

இந்த மரத்துப்போன முகம் அவருக்குப் புதிதில்லை. அவருக்குச் சோறு போட்டதே அதுதான். எண்பதுகளின் தொடக்கத்தில் 'பேப்பர் ஹார்பர்' என்று ஒரு பேண்ட். நாலு பையன்கள், ஆளுக்கு ஒரு பெரிய கோட்டு, கண்ணுக்கு மை. ஒரே ஒரு பாட்டு நாட்டில் நாலாவது இடம்வரை ஏறியது. டிவியில் அதற்கு வாயசைக்கப் போனபோது நெவிலின் கீபோர்டுக்கு மின்சார ஒயரே கிடையாது. தவறு செய்தாலும் யாருக்கும் கேட்காது என்று தெரிந்தும் அவர் பயந்து உறைந்துபோய் நின்றார். விரல் மட்டும் அசைந்தது. மறுநாள் பத்திரிகைகள் அந்தப் பயத்துக்கு மர்மம் என்று பெயர் வைத்தன. பெண்கள் கடிதம் எழுதினார்கள். இடதுபக்கம் மூணாவதாக நிற்கிற, சிரிக்காத பையனுக்கு.

அப்புறம் ஒரு மழைநாள் கிரிம்ஸ்பி துறைமுகத்துப் பக்கம் ஒத்திகைக் கொட்டகைக்கு, அன்றைக்கு அவர் முறை என்பதால் நாலு பேருக்கும் சிப்ஸ் வாங்கிக்கொண்டு போனார். கதவு பூட்டியிருந்தது. பேண்ட் கலைந்துவிட்டது என்பதை மறுநாள் வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒருத்தரும் அவரிடம் சொல்லவில்லை. மற்றவர் சொல்லியிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். நேரில் போய்ச் சொன்னால் சங்கடமாயிற்றே.

அதன் பிறகு, பழைய பாட்டுக்காரர்கள் எல்லோரும் போகிற இடத்துக்கு அவரும் போனார். கிறிஸ்துமஸ் நாடகங்களில் இரண்டு பேர் சேர்ந்து போடும் குதிரை வேஷத்தில் முன்பாதியாக இருந்தார், மறுவருஷம் பின்பாதியானார். துப்பறியும் படங்களில் சந்தேகப்படும்படி உட்கார்ந்திருக்கிற ஆசாமியானார். அந்த முகத்தை எவன் பார்த்தாலும் இவன் எதையோ மறைக்கிறான் என்று தோன்றும். அவரிடம் மறைக்க ஒன்றும் இல்லை. கடைசியில் ரெக் டப்பர் கிடைத்தார். முதல் வாரம் ஒரு விமர்சகர், 'இந்தக் கடையில் உணர்ச்சி காட்டுவது மீன்தான்' என்று எழுதினார். நெவில் அதை வெட்டிக் குளிர்பெட்டியில் ஒட்டிவைத்தார். விமர்சகர் ஓய்வு பெற்றுவிட்டார், காகிதம் இன்னும் இருக்கிறது.

திங்கட்கிழமை ரயிலேறி மான்செஸ்டர் போனார். படப்பிடிப்புக் கூடத்தில் மேல்மாடிக்கு டீக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. மேல்மாடி டீ பற்றி அங்கே எல்லோருக்கும் தெரியும். பிஸ்கட் வைத்தால் ஒப்பந்தம் இன்னொரு வருஷம். சாக்லேட் தடவிய பிஸ்கட் என்றால் உங்களுக்குக் கல்யாணமோ கள்ளக்காதலோ எழுதுகிறார்கள். கேக் வைத்தால் வேலை போயிற்று, வீட்டுக்காரியிடம் சொல்லிவிட வேண்டியதுதான்.

எலுமிச்சை கேக் வைத்திருந்தார்கள்.

தயாரிப்பாளர் இமோஜென், தொடர் தொடங்கியபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண். ரொம்ப நல்லவள். அதுதான் சிக்கல்.

"நெவில், வாங்க வாங்க. உங்களுக்கே தெரியும், எங்க எல்லாருக்கும் ரெக்குன்னா உயிர்."

"சந்தோஷம்."

"அவரோட கதைக்கு ரொம்ப அழகா ஒரு இடம் அமைஞ்சிருக்கு. எழுதறவங்க எல்லாரும் அழுதுட்டாங்க."

எந்த இடம் என்று கேட்டிருக்க வேண்டும். தொண்டைவரை வந்தது. கேட்டால் அவளுக்குச் சங்கடமாக இருக்குமே என்று நெவிலுக்குத் தோன்றியது. "கேக் நல்லா இருக்கு" என்றார்.

"எங்கம்மா செஞ்சது."

"அவங்களுக்கு நன்றி சொல்லுங்க."

"இன்னொரு துண்டு எடுத்துக்கங்களேன். வேணாம்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க." அவள் கண் கலங்கியது. அவளே ஒரு துண்டைக் காகிதத் துண்டில் மடித்துக் கையில் கொடுத்தாள். வெளியே பெய்கிற மழையைப் பற்றி இருவரும் கொஞ்சம் பேசினார்கள். மழை என்று ஒன்று இல்லாவிட்டால் அந்த நாட்டில் யாரும் யாரையும் வேலையைவிட்டு நீக்க முடியாது.

கேக்கோடு கீழே இறங்கினார். என்னவோ சொல்லிவிட்டாள், என்னவென்றுதான் தெரியவில்லை. நடையில் நடிகர்கள் வரிசையாக நின்றார்கள், உடை தைக்கும் கொலீனின் அறை வாசலில். ரெக்கின் மனைவியாக நடிப்பவர் முதலில் நின்றார், மதுக்கடைக்காரர், தபால்காரர், ரெக்கின் ஜென்ம விரோதி எல்லோரும் பின்னால். நெவிலும் போய் வரிசையின் கடைசியில் நின்றார். வரிசையைப் பார்த்தால் நிற்பது அங்கே ரத்தத்தில் ஊறியது. திடீரென்று எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

கொலீன் கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்தாள். "நீ எதுக்குப்பா நிக்கிற?"

"எல்லாரும் நிக்கிறாங்களேன்னு."

"உன் அளவு வேணாம்."

"என்ன தைக்கிற?"

கொலீன் சுற்றுமுற்றும் பார்த்தாள். அந்தக் கட்டடத்திலேயே சுற்றிவளைக்காமல் பேசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், அவளுக்கும் அன்றைக்கு நாக்கு எழவில்லை. "கோட்டு" என்றாள்.

"என்ன கலர்?"

"கறுப்புப்பா. எல்லாருக்கும் கறுப்பு." நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுற்றினாள். "உனக்கு மட்டும் வேணாம்."

சாவுச் சடங்குக்குப் போடுகிற கறுப்பு. பெட்டிதான் என்று அப்படித்தான் தெரிந்தது. மதுக்கடைக்காரர், "இந்த வாரம் பூரா மழையாம்" என்றார். "ஆமாம்பா, தோட்டத்துக்கு நல்லது" என்றார் ஜென்ம விரோதி.

நெவில் தன் வாழ்க்கையில் கேட்டு வாங்கியது எதுவும் கிடையாது. அன்றைக்கு மறுபடி மாடியேறினார். இமோஜென் மேஜையில் மிச்சக் கேக்கை மூடிக்கொண்டிருந்தாள்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும். ஒண்ணே ஒண்ணு. டாக்ஸியில அனுப்ப முடியாதா?"

அவள் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, நெவில். நானும் டாக்ஸிதான் கேட்டேன், நம்புங்க. ஆனா போன மாசம்தான் பார்பரா டாக்ஸியில போனாங்க. அடுத்தடுத்து ரெண்டு டாக்ஸின்னா ஜனங்க நம்பமாட்டாங்க."

ரப்பர் குழாயிலிருந்து வரும் ஆவியைப் பதினெட்டு வருஷமாக நம்பிய ஜனங்கள் இரண்டு டாக்ஸியை நம்ப மாட்டார்கள் என்பது நெவிலுக்கு நியாயமாகவே பட்டது.

"ஆமா, நம்பமாட்டாங்க. மன்னிச்சுக்கங்க."

"நீங்க என்னை மன்னிக்கணும்."

"இல்ல இல்ல, நான்தான்." கதவு சாத்தும்வரை இருவரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள்.

சாவு ஒரு வியாழக்கிழமை படமாக்கப்பட்டது. கதைப்படி, கூட்டம் நெருக்குகிற நேரம், ரெக் ஒரு சின்னப் பெண்ணிடம் பொட்டலத்தை நீட்டி, "சூடா இருக்கு, பாத்து" என்கிறார், கல்லாவுக்குப் பின்னால் சரிகிறார். நெவில் சரிந்தார். தரை சில்லென்று இருந்தது. இடதுகை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மனைவியாக நடிப்பவர் நிஜமாகவே அழுதார். மதுக்கடைக்காரருக்கு வசனம் மறந்தது, மறுபடி எடுத்தார்கள். நெவில் எழுந்திருக்கவில்லை, அப்படியே கிடந்தார். கை விறைத்து, மரத்து, கடைசியில் கை என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போயிற்று.

கேமரா முகத்துக்கு அருகில் இறங்கி வந்தது, கல்லாவை ஒட்டிக் கிடந்த இன்னொரு கைக்கு நகர்ந்தது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. செத்தவனைத் திரும்பக் கூப்பிட முடியாது. விரல் அசைகிறவனைக் கூப்பிடலாமே. ஆஸ்பத்திரியில் கண் விழிக்கலாம், தவறான சவப்பெட்டி என்று எழுதலாம். தொடரில் இதைவிட மோசமானதெல்லாம் நடந்திருக்கிறது.

சுண்டுவிரலை அசைத்தார். ஒரே ஒரு தட்டு, அந்தப் பழைய பாட்டின் முதல் சுரத்துக்கு.

"கட்!" இயக்குநர் குரல் தழுதழுத்தது. "அற்புதம், நெவ். இத்தனை வருஷத்துல நீ செஞ்சதிலேயே இதுதான் பெஸ்ட்."

ஒன்றுமே செய்யாமல் கிடந்ததற்குப் பாராட்டு கிடைத்தது. விரலைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. நெவிலும் பேசவில்லை.

கிளீதார்ப்ஸில் ரயிலைவிட்டு இறங்கியபோது ஸ்டேஷன் வாசலில் டெரிக்கின் டாக்ஸி நின்றது. டெரிக், பேப்பர் ஹார்பரில் டிரம் அடித்தவன். இப்போது உட்கார்ந்தே இருப்பதால் கோட்டு அப்போதையதைவிடப் பெரிதாகத் தேவைப்படுகிறது.

"ஏறுடா, பொணமே."

"யாரு சொன்னா?"

"மேவிஸ். நீ டாக்ஸி கேட்டியாமே? இந்தா டாக்ஸி. கையை ஆட்டிக்கிட்டே வா, நான் மெதுவா ஓட்றேன்."

டாக்ஸி கேட்டது இமோஜென் அறைக்குள். அது கடற்கரைச் சாலைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று நெவில் யோசிக்கவில்லை. அங்கே சொல்ல வேண்டியவனைத் தவிர மற்ற எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிடும். பின்சீட்டில் உட்கார்ந்தார். இடதுகையில் இன்னும் ஊசி குத்துகிற மாதிரி இருந்தது.

"சொல்லிட்டாங்களா நேரா?" என்றான் டெரிக்.

"கோட்டு தைக்கறதைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"சீ. என்ன ஜனங்கடா. மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லமாட்டாங்க?"

"நீங்க மட்டும் சொன்னீங்களா?"

டெரிக் கண்ணாடியில் பார்த்தான். "என்னது?"

"பேண்ட் கலைஞ்சதை. நான் அன்னிக்குக் கொட்டகைக்கு வந்தேன். நாலு சிப்ஸோட."

டாக்ஸி ஒரு விளக்குக் கம்பத்தை ஒட்டி நின்றது. "நீ வந்தியா? கிட்டார் வாசிச்ச ரிச்சி உன்கிட்ட சொல்லிட்டான்னு நான் நெனச்சேன். ரிச்சி நான் சொல்லிட்டேன்னு நெனச்சான்."

"மழை வேற அன்னிக்கு."

டெரிக் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். "சிப்ஸை என்ன பண்ணின?"

"தின்னேன்."

"நாலையுமா?"

"ரெண்டரை."

டெரிக் சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். நெவிலும் சிரிக்க வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. உதட்டைக் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டார்.

நவம்பரில் அந்தச் சாவு ஒளிபரப்பானது. நெவில் வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தார். பொட்டலம், வசனம், சரிவு. கேமரா முகத்துக்கு வந்தது, கைக்கு நகர்ந்தது. அவர் முன்னால் சாய்ந்தார். விரல் அசைய வேண்டிய நொடியில் படம் அசையாமல் நின்றது. யாரோ படம் வெட்டி ஒட்டும் மேஜையில் உட்கார்ந்து, அதற்கு ஒரு கணம் முன்னதாக அவரை உறையவைத்திருந்தார்கள். நின்ற படத்தின்மேல் தொடரின் இசை மெதுவாக, பியானோ மட்டும், ஓடி முடிந்தது. ஒயர் இல்லாத கீபோர்டைப் போலத்தான் இதுவும். அவர் வாசித்தார், யாருக்கும் கேட்கவில்லை.

டிவியை அணைத்துவிட்டு, வருத்தமாக இருக்கிறதா என்று மறுபடி பார்த்துக்கொண்டார். பல் டாக்டர் ஊசியின் மரப்பு இன்னும் விடவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மேவிஸின் கடை வாசலில் கால் வைக்க இடமில்லை. ரெக்கின் கடை என்று ஒன்று எங்கும் கிடையாது, ஆகவே அஞ்சலி செலுத்த வந்தவர்கள் பூங்கொத்துகளை இங்கே கொண்டுவந்து சாத்தியிருந்தார்கள். ஒன்றில் 'போய் வாருங்கள் ரெக், அங்கேயும் எண்ணெய் சூடாக இருக்கட்டும்' என்று எழுதியிருந்தது. நெவில் பூவை மிதிக்காமல் தாண்டி வரிசையில் நின்றார். வழக்கமாக நாலு பேர் வணக்கம் சொல்வார்கள். அன்றைக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. முன்னால் நின்றவர் ஒருதரம் திரும்பிப் பார்த்து, கொஞ்சம் வெளுத்து, திரும்பிக்கொண்டார். நாய் மட்டும் வாலாட்டியது.

"ஒரு ஹாடக், சின்ன சிப்ஸ், பட்டாணி."

மேவிஸின் கண் சிவந்திருந்தது. ஒரே ஒரு மீனை எடுத்து வைத்தாள்.

"நேத்துப் பாத்தியா?" என்றார் நெவில்.

"ராத்திரி பூரா அழுதேன்."

"கடைசியில விரல் அசைஞ்சதா?"

"எந்த விரல்?"

"ஒண்ணுமில்ல."

மேவிஸ் உப்புப் போட்டாள். போட்டுக்கொண்டே, "நெவ்" என்றாள். அவள் வாயில் அந்தப் பெயர் வந்தது அன்றைக்குத்தான். "அன்னிக்கு ஒரு மீன் கூடக் குடுத்தேன்ல? சொல்றேன்னு தப்பா நெனக்காதே. அது சாகப்போறவனுக்குன்னு குடுத்தது. நீ இங்க நிக்கிறியே."

"தின்னது ரெக்."

"ரெக் மூஞ்சியையே நான் கடையில பாத்ததில்லையே. வரிசையில நின்னது நீதானே?"

வரிசை காதைத் தீட்டிக்கொண்டது. நெவில் நியாயத்தை யோசித்துப் பார்த்தார். பூவெல்லாம் ரெக்குக்கு வந்திருந்தது. பாக்கி மட்டும் நெவில் பெயரில். அவரால் மறுக்க முடியவில்லை. சட்டைப்பையில் கைவிட்டு இரண்டு மீனுக்கும் காசு எடுத்து வைத்தார்.

மேவிஸ் அதைப் பார்த்தாள், வாசலில் இருந்த பூவைப் பார்த்தாள். முகம் கோணியது. ஒரு மீனுக்கான காசை அவர் பக்கமே தள்ளினாள். "செத்தவன் காசு எனக்கு வேணாம் கண்ணு. பாவம்."

"நீதானே கேட்ட?"

"கேட்டேன். வாங்கமாட்டேன்." பொட்டலத்தை நீட்டினாள். வாய் பழகிய வேகத்தில், "சூடா இருக்கு, பாத்து" என்றாள்.

வரிசை முழுக்க மூச்சை உள்ளே இழுத்தது. பின்னால் யாரோ விசும்பினார்கள். நெவில் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, தள்ளிவிட்ட காசை எடுக்காமல், பூக்களைத் தாண்டி வெளியே போனார். பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தபோதுதான் உள்ளங்கை சிவந்திருப்பதைப் பார்த்தார். சூடாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை போனபோது அந்தக் காசு கல்லாவின் ஓரத்தில், வினிகர் பாட்டிலுக்குப் பக்கத்தில், வைத்த இடத்திலேயே இருந்தது. மேவிஸ் அதை எடுக்கவுமில்லை, திருப்பித் தரவுமில்லை. கல்லாவைத் துடைக்கும்போது மட்டும் காசைச் சுற்றித் துடைத்தாள். "அந்த மீன் விஷயம்..." என்று ஆரம்பித்தார் நெவில்.

"மழை வரும்போல இருக்கு" என்றாள் மேவிஸ்.